கட்டில் காலைக் குறைக்கணும்

இல்ல வெள்ளத்துரை அண்ணாச்சி, தெரிஞ்சுதான் சொல்லுதேன். அறுங்க. நாலு காலுலயும் அடிக் குமிழ மட்டும் எடுத்துருங்க. கடைசல் அழகு கெட்டுப்போவும்னு பதறுதிய, எனக்கும் புரியுது. தூத்துக்குடிப் பட்டறையில நீங்களே நின்னு கடைஞ்ச காலு. வேன்ல இருந்து எறக்கி மூச்சு விடல, அதுக்குள்ள ரம்பத்த எடுங்கன்னா யாருக்குத்தான் மனசு வரும்? ஆனா மாப்பிள்ளைக்கு முட்டு வலி. இம்புட்டு உசரக் கட்டில்ல ஏணி போட்டா ஏறுவாங்க?

சிரிக்காதிய. கல்யாண மாப்பிள்ளைக்கு முட்டு வலியான்னுதானே? கடையில நின்னு யாவாரம் பாக்குறவங்களுக்கு வரத்தான் செய்யும்.

எங்க காயல்பட்டணத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமுல்லா. பொண்ணு புருசன் வீட்டுக்குப் போவ மாட்டா. மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும். ரூமு, கட்டிலு எல்லாம் நாங்கதான் ஒழுங்கு பண்ணணும். சொந்த வீட்ட விட்டுட்டு ஒரு பையோட வாராங்க, பாவம். வந்த புதுசுல நாற்காலி நுனியிலதான் உக்காருவாங்க. சத்தமாத் தும்மக்கூடக் கூச்சப்படுவாங்க. மௌத்தாயி மண்ணுக்குள்ள போய்ட்டாங்கல்லா எங்க வீட்டுக்காரங்க, செய்கு அப்துல் காதிரு, அவங்க கடைசி வரைக்கும் அப்படித்தான். சவூதியில இருந்து லீவுல வருவாங்க. ஃபேன் சுவிச்சு எதுன்னு பழகுறதுக்குள்ள பிளேன் ஏறிருவாங்க. கட்டுன பொண்டாட்டி வீட்டுல விருந்தாளியாவே இருந்துட்டுப் போய்ட்டாங்க. எனக்கு அது இன்னும் ஆறல. இந்த மாப்பிள்ளையும் அப்படி ஆயிரக் கூடாது. வெள்ளிக்கிழம நிக்காஹ் முடிஞ்சு உள்ள வரும்போதே, இது நம்ம வீடுன்னு தோணணும். அம்புட்டுத்தான் என் ஆச.

ஏய் ஏய், அந்தச் சாய்வு நாற்காலிய இழுக்காதிய! தூக்குங்க. காலு மெலிசு, ஒடிஞ்சு கிடிஞ்சு போச்சுன்னா? அதச் சன்னல் பக்கம் போடுங்க, கடக்காத்து வரும். பாருங்களேன், வளையல அடுக்கி வச்ச மாதிரி எம்புட்டுச் சீராக் கடைஞ்சிருக்கிய! வீட்டுக்கே ஒரு களை வந்துட்டுல்லா? டிரெஸ்ஸிங் டேபிள் இந்தச் சுவத்துல. கண்ணாடி எந்த உசரத்துக்கா? இருங்க, நான் வந்து நிக்கேன். என் மூஞ்சி தெரியுதா? முழுசாத் தெரியணும். ஆங், அங்கனயே முடுக்குங்க.

பொண்ணக் கூப்பிட்டு நிறுத்துனா சரியா இருக்குமேன்னா கேக்கிய? யாரு, எம் மக ஃபாஹிமாவையா? அட அல்லாவே! அவ மஸ்கட்டுல இல்லா இருக்கா, புருசன் யாசிரோடயும் ரெண்டு புள்ளையளோடயும். அங்கன இருந்தே போன்லயே எல்லாத்தையும் பேசி முடிச்சா. நீங்க தனியாக் கெடக்காதிய உம்மான்னு ஒரே அழுக.

என்ன அண்ணாச்சி, கை அப்படியே நின்னு போச்சு? எனக்குத்தான் கல்யாணம். அவங்களும் பொஞ்சாதிய எழந்தவங்கதான், பேரப்புள்ள எடுத்தவங்க. இந்த வயசுல சம்சுன்னிசாவுக்கு மாப்பிள்ள கேக்குதாக்கும்னு தெருவுல சிரிக்கத்தான் செய்தாங்க. சிரிக்கட்டும். நான் ஆக்குன சோத்த நானே தின்னு தின்னு எனக்கு வெறுத்துப் போச்சு. உப்புப் பத்தலன்னு ஒரு ஆளு வாயத் தொறந்து சொல்லாதான்னு இருக்கு அண்ணாச்சி.