முன்பக்கத்துப் பால்கனியை இடித்தது நான்தான்

பெயரும் விலாசமும் மேலே எழுதியபடி சரி. வயது இருபத்தாறு. சிவில் இன்ஜினியரிங் பட்டம் பெற்று ஒரு கட்டட ஆலோசனை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் மேல் புகார் கொடுத்தவர் என் தாய்மாமா. அப்பா இறந்த பிறகு என்னை வளர்த்துப் படிக்க வைத்தவரும் அவர்தான்.

மாமா தன் வீட்டுக்கு மேல் மாடி கட்டுகிறார். கான்கிரீட் போட்ட அன்று அத்தை பெருமையாகப் போனில் ஒரு படம் அனுப்பினார். அதில் பால்கனிக்கான கம்பிகள் பலகையை ஒட்டி அடியில் கிடந்தன. அறையின் கூரைக்கு அது சரி. ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பால்கனிக்குக் கம்பி மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே தாங்கி நிற்கும் முட்டுக்கழிகளை எடுத்ததும் விழும். இது எங்களுக்கு அரிச்சுவடி.

அன்று மாலையே நேரில் போய், ஓரிடத்தில் மட்டும் கொத்திப் பார்க்கலாம் என்றேன். மாமா சிரித்தார். “ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகுமா? கொத்தனார் கட்டாத வீடாம்மா?” என்றார். கொத்தனாரிடம் கேட்டதற்கு, வீட்டுக்காரர் சொன்னால் கொத்துகிறேன் என்றார். அதன் பிறகு தினமும் போன் செய்தேன், மாமா எடுப்பதை நிறுத்திவிட்டார்.

முட்டுப் பிரிக்க நாள் குறித்தாயிற்று என்று அத்தை சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்று காலை அவர்கள் வெளியே போனதும், உடைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து, தெருப்பக்கம் யாரும் வராமல் கயிறு கட்டி, முட்டுக்கழிகளைத் தொடாமல் மேலிருந்து உடைத்தேன். யாரும் தூண்டவில்லை. கான்கிரீட்டின் மேற்பாதியில் ஒரு கம்பிகூட இல்லை.

அதன் பிறகு மாமா திரும்பி வந்தார். அடியில் கிடந்த கம்பியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். “தெருவே பாக்க என் மூக்க அறுத்துட்டியே” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் பிறகு அவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

இடித்ததற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் பின்பக்கத்துப் பால்கனியும் அதே ஆட்கள் அதே நாளில் போட்டது. அதை உடைப்பதற்குள் மாமா வந்துவிட்டார். நாளைக் காலை முட்டுப் பிரிக்கிறார்கள். அத்தை துணி துவைப்பது அதன் கீழேதான். மாமா நான் சொன்னால் கேட்க மாட்டார், சீருடையில் ஒருவர் போய்ச் சொன்னால் கேட்பார்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. அங்கே ஆள் போகாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஒரு காவலர் பைக்கை எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)