விசிறி ஏன் ஓடவில்லை

மேடம், பழைய கார் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வரை பானெட்டைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். என் மனைவியும் அப்படித்தான். அவள் அப்பா விட்டுவிட்டுப் போன வண்டி அது. கழுவுவாள், துடைப்பாள், சீட்டுக்குத் தன் கையாலேயே உறை தைத்துப் போடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த வேலையை என்னிடம் விட்டிருந்தாள்.

நீங்கள் மெக்கானிக்கைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எங்கள் தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். கண்ணாடி தடிமனாக இருப்பதால் ஊருக்கே அவர் சோடா. அவர் அரைகுறையாக ரிப்பேர் பார்த்துக் கொடுத்ததால்தான் என் மனைவிக்கு இப்படி ஆனது என்று என் மச்சினன் புகார் கொடுத்திருக்கிறான். அக்கா மேல் உயிரையே வைத்திருப்பவன், அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சோடா மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம். உள்ளே இப்போதுதான் கண் அசந்தாள்.

எஞ்சினுக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறதல்லவா, அதை ஒட்டி கரண்டில் சுற்றும் ஒரு விசிறி இருக்கும். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும், விசிறி தேவைப்படாது. நெரிசலில் சிக்கி நின்றால்தான் அது சுற்றியாக வேண்டும். சுற்றாவிட்டால் தண்ணீர் கொதிக்கும், டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

முதல் தடவை அது தானாகத்தான் கெட்டது. அதை நீங்கள் நம்ப வேண்டும். மருந்துக் கிடங்கில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். கிடங்கை மூடிவிட்டார்கள். என் வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? அவளுக்கு நேர்மாறு. பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பாள். காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். வந்ததும் போன். யாரோ ஒரு கிழவர் நான்கு அடி நடந்துவிட்டார் என்று இவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் தட்டு வைப்பேன், தட்டு எடுப்பேன். சண்டையே கிடையாது. என்னோடு சண்டை போடக்கூட அவளுக்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் போன் செய்தாள். "ஏங்க, வண்டி புகையுது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சீக்கிரம் வாங்களேன்."

ஓடினேன். நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் ஆறும் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்," என்றாள். சாதாரணமாக எல்லோரும் சொல்வதுதான். எனக்கு அது சாதாரணமாக இல்லை.

வீட்டுக்கு வந்து நானே கோளாறைக் கண்டுபிடித்தேன். விசிறி மோட்டாரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வந்து பம்பருக்குப் பின்னால் பாடியில் போல்ட் போட்டு முடியும். அதை எர்த் என்பார்கள். அந்த முனை துருப்பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினேன், விசிறி சுற்றியது. அவளுக்கு ஏக சந்தோஷம். மறுநாள் காலையில் பழையபடி கிளம்பிப் போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சில நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு அந்த போல்ட்டைக் கழற்றி, ஒயர் முனையிலும் அது உட்காரும் இடத்திலும் அவளுடைய நகப்பூச்சைத் தடவினேன். நிறமில்லாதது. காய்ந்ததும் மறுபடி முடுக்கிவிட்டேன். தொட்டுப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும், கண்ணுக்கும் சுத்தமாகத் தெரியும். கரண்ட் மட்டும் போகாது. சோடாவிடம் கொண்டுபோகும் காலையில் அதைச் சுரண்டி எடுத்துவிடுவேன். அங்கே விசிறி அழகாக ஓடும். வீட்டுக்கு வந்ததும் மறுபடி தடவிவிடுவேன்.

பாவம், அந்த மனுஷர் என்னவெல்லாம் செய்தார். ஃபியூஸை மாற்றினார். விசிறிக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயை மாற்றினார். சூடு அறியும் ஸ்விட்சையும் மாற்றினார். "சார், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற கதையா இருக்கு. என்கிட்ட சமத்தா சுத்துது, வீட்டம்மாகிட்ட மட்டும் அடம் பிடிக்குது," என்று சொல்லித் தலையைச் சொறிந்தார். நானும் சிரித்தேன். அவருக்குக் கண்தான் மந்தம், கை சுத்தம். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே பானெட்டைத் திறந்து பார்ப்போம். அந்த ஞாயிறுகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. ஹார்னுடைய ரிலேயைப் பிடுங்கி விசிறிக்குப் போட்டுப் பார்ப்பேன். அவள் டார்ச் பிடிப்பாள். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் இழுத்து மோட்டாருக்குக் கொடுத்தேன். விசிறி சுற்றியதும் குழந்தை மாதிரி கை தட்டினாள்.

"அப்போ மோட்டார் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "கோளாறு வேற எங்கயோ."

"எங்கங்க?"

"அதானே தெரியல."

மூக்கில் கிரீஸ் ஒட்டியிருக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று முழுசாக நம்பினாள். அப்படி ஒரு பார்வையைக் கல்யாணமான புதிதில்தான் பார்த்திருக்கிறேன்.

இது இப்படியே போயிருக்கும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவளுடைய நோயாளிகள் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள், அவ்வளவுதான். அவள்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். வெளியூரில் பெரிய மருத்துவ மையம் ஒன்றில் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்களாம், வேலை கிடைத்தால் தங்க வீடும் தருவார்களாம். "முதல்ல நான் மட்டும் போறேன். எல்லாம் செட் ஆனதும் நீங்க வாங்க. இந்த வண்டியையும் வித்துடலாம், இதோட மாரடிச்சது போதும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? என்னைக் கேட்டா முடிவு செய்தாள்? தகவலாகச் சொன்னாள். அன்றிரவு தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். ஆத்திரம் இல்லை, மேடம். கையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாதவன் வேறென்ன செய்வான். கையாலாகாதவன் என்பார்களே, அதுதான்.

நேர்காணலுக்கு அவள் கிளம்பிய அன்று விடிவதற்குள் எழுந்து பம்பர் பக்கம் என் வேலையை முடித்துவிட்டேன். வாசல் வரை வந்து கையசைத்தேன்.

பாலத்துக்கு முன்னால் நெரிசல். எதிர்பார்த்ததுதான். போன் வந்தது.

"முள்ளு மேல ஏறிடுச்சுங்க. ஓரமா நிறுத்திட்டேன். நீங்க வர நேரமாகுமே, நான் அங்க போகணுமே!"

"பதறாத. பானெட்டைத் திற. ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி இருக்கான்னு பாரு."

"சூடா இருக்கும்போது திறக்கக் கூடாதுன்னு சோடா சொன்னாரே."

"அவருக்கு என்ன தெரியும்? துணியைப் போட்டுத் திற, ஒண்ணும் ஆகாது. நல்லா குனிஞ்சு உள்ள பாரு. நான் சொல்றேன்ல."

"சரிங்க," என்றாள். அவ்வளவு வருஷத்தில் வேறொருவர் பேச்சைத் தள்ளிவிட்டு அவள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போன் கீழே விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்ப்பார்கள்.

மூடிக்குள் கொதிநீர் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கும், திறந்தால் எவ்வளவு உயரம் சீறும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். எர்த்தைக் கெடுத்ததும் நான்தான், திறக்கச் சொன்னதும் நான்தான். கை வெந்துபோகும், கொஞ்ச நாள் வேலைக்குப் போக முடியாது, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் கணக்குப் போட்டேன். முகத்தில் படும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. இரண்டு கண்ணும் போகும் என்று யார் நினைப்பார்கள்?

இப்போது நான்தான் ஊட்டிவிடுகிறேன். தலை வாரிவிடுகிறேன். நான் எழுந்து போனால் காலடிச் சத்தத்தை வைத்தே "எங்கங்க போறீங்க?" என்கிறாள். அவளுடைய நோயாளிகள் ஆரம்பத்தில் வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. நான்தான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த முகத்தை அவர்கள் பார்ப்பது அவளுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சோடாவை விட்டுவிடுங்கள். ஒரு பாவமும் அறியாதவர் தண்டனை அனுபவித்தால் என்னால் தாங்க முடியாது. எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை அவளிடம் மட்டும் சொல்லாதீர்கள், மேடம். ஏற்கெனவே நொந்து போய்க் கிடக்கிறவள். ஒரு பெண்ணை இதற்கு மேலும் வதைக்க யாருக்காவது மனசு வருமா?