இருபத்தொன்பதுக்கு இரண்டு: பூப்பந்துத் தலைவர் சேக் தாவூது அவர்களுக்கு

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பூப்பந்துக் கழகப் பெரியவர்களே, வயல் வேலையை விட்டும் கடையை அடைத்தும் வந்திருக்கும் பாபநாசத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். நான் மங்களாம்பிகை, பத்தாம் வகுப்பு. பெண்கள் பூப்பந்து அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன்.

நம் அணித் தலைவர், ஜவுளிக்கடை ஜனாப் சேக் தாவூது அவர்கள் மறைந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள், "இனிமே அவங்க டீம் தனி, நம்ம டீம் தனி" என்று மிராசுதார் தெரு, கூலிக்காரர் தெரு இரண்டிலும் பேச்சு! அதைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தவை அவர் வாங்கிய கோப்பைகள் அல்ல. அவர் தோற்ற ஓர் ஆட்டம். தோல்வியை இரங்கல் கூட்டத்தில் பேசலாமா? இந்தத் தோல்வியைப் பேசத்தான் வேண்டும்.

அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த ஆண்டு அது. மிராசுதார் வீட்டு வைத்தியலிங்கம் அண்ணனும், கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த சிங்காரவேலு அண்ணனும் நம் அணியில் அடுத்தடுத்து நின்று ஆடினார்கள். ஆனால் பேசிக்கொள்வதில்லை. எதிரே, திருச்சியிலிருந்து வந்த, சம்பளத்துக்கு ஆடும் மில் அணி.

இருவருக்கு நடுவே பந்து வந்தால் ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். இவர்கள் கொடுக்கவில்லை. மஞ்சள் பந்து நடுவிலேயே விழுந்தது. மறுபடியும் அங்கேயே விழுந்தது. மில் அணிக்குப் புரிந்துவிட்டது. முதல் ஆட்டம் இருபத்தொன்பதுக்கு இரண்டு! கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "நெட்டைக் கழட்டிட்டு, சும்மா கெடக்குற நடு எடத்துல உளுந்து தெளிங்கடா!"

இடைவேளையில் மில் அணித் தலைவர் பரிவோடு கேட்டார்: "பாய், கொஞ்சம் மெதுவா போடச் சொல்லவா?"

நம் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "வேணாங்க. மெதுவா போட்டா இவங்க பேசாமலே எடுத்துருவாங்க."

எத்தனை நிதானம்! அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. எவரிடமும் சமாதானம் பேசவில்லை. தம் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

இரண்டாம் ஆட்டத்தின் நடுவே, பந்து வந்த வேகத்தில் வைத்தியலிங்கம் அண்ணன் தம்மை மறந்து கத்தினார்: "சிங்காரம், உனக்கு! விடாதே!" சிங்காரவேலு அண்ணன் எட்டி அடித்த பந்து எதிரணியின் கடைக்கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அடுத்த பந்துக்கு அவர் குரல் கொடுத்தார்: "இது உங்களுதுங்க! பாத்துக்கிட்டு நின்னா கூலி கிடையாது!"

மிராசுதார்களும் சிரித்தார்கள், கொடி பிடித்தவர்களும் சிரித்தார்கள்.

ஆட்டத்தில் தோற்றோம். அந்த ஆட்டமும் இருபத்தொன்பதுக்கு ஏழுதான். வயலில் தகராறும் தீரவில்லை. ஆனாலும் மறுவாரம் ஐந்து பேரும் களத்துக்கு வந்தார்கள். நம் தலைவருக்கு அது போதுமானதாக இருந்தது. நமக்குப் போதாதா?

இதோ, வைத்தியலிங்கம் அண்ணன் முன்வரிசையில் இருக்கிறார். சிங்காரவேலு அண்ணன் வாசலோரம் நிற்கிறார். உங்கள் இருவருக்கும் எங்கள் அணியின் வேண்டுகோள் ஒன்று உண்டு. எங்கள் அணியில் இரண்டு தெருப் பெண்களும் இருக்கிறோம். நம் தலைவர் எங்களுக்குத் திறந்துவிட்ட களத்தை நாங்கள் மூடவிட மாட்டோம், இது உறுதி. வருகிற ஞாயிறு மாலை நாங்களே வலை கட்டுவோம். உங்கள் அணியோடுதான் ஆடுவோம்.

ஆனால், இப்போது உங்களில் நால்வர்தான் மிச்சம். ஐந்தாவது ஆள் யார் என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து பேசி முடிவு செய்து, கையோடு அழைத்து வாருங்கள்.