கிரெய்கிபர்ன் சமநிலையும் ஒரு சோடிக் கையுறையும்

தலைமைக் கதிரையில் இன்று கொஞ்சம் நெளிந்துகொண்டு அமர்ந்திருக்கும் எங்கள் கழகத் தலைவர் இந்திரகுமார் அங்கிள் அவர்களே, முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, சேறு படிந்த காலுறைகளை வாரந்தோறும் அலசிக் காயவைக்கும் அன்னையர்களே, ஓடி ஓடிக் கால் வீங்கிய வீரர்களே, ஓடாமலே தொண்டை வீங்கிய இரசிகர்களே, உங்கள் அனைவருக்கும் சிட்னி செவன் ஹில்ஸ் வைகறை உதைபந்தாட்டக் கழகத்தின் இரசிகர் மன்றச் செயலாளர் பத்மாவின் பணிவான வணக்கம்.

பணிவு அந்த வணக்கத்தோடு முடிந்தது. இனி வருவது கோபம்.

என்னை உங்களுக்குத் தெரியும். வார நாள்களில் பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லுகிறவள். வார இறுதியில் உங்களை வாயை மூடச் சொல்லிக் களைத்துப் போகிறவள். இன்று அந்தக் களைப்போடுதான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன்பே 'வெற்றி விழா' என்று அச்சடித்துவிட்டோம். எதிரணியின் ஊரான கிரெய்கிபர்னில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடிந்ததும், 'வெற்றி' என்ற சொல்லின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டோம். இப்போது வெறும் 'விழா' தொங்குகிறது. எதற்கு விழா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் கேட்கிறேன், சமநிலை என்றால் தோல்வியா? அவர்கள் மண்ணில், அவர்கள் மழையில், அவர்கள் கூட்டத்தின் கூச்சலில், முதல் நிமிடங்களிலேயே ஒரு கோல் வாங்கி, விழுந்து, எழுந்து, வழுக்கி, வளைந்து, கடைசியில் சுஜீதன் தலையால் முட்டிய பந்தால் கணக்கைச் சமன் செய்து, விசில் ஊதும்வரை மூச்சைப் பிடித்து நின்றார்களே, அது தோல்வியா? போன வருடம் அதே மைதானத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்ததை மறந்துவிட்டீர்களா? அன்று தலைகுனிந்து வந்தோம். இன்று தலைநிமிர்ந்து வந்திருக்க வேண்டும். எப்படி வந்தோம்? ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டு வந்தோம்.

ஹியூம் நெடுஞ்சாலை நெடுக அந்த பஸ்ஸுக்குள் நடந்ததை நான் மறக்க மாட்டேன். முரளிதரன் அண்ணா லீவு போட்டது வீண் என்றார். இன்னொருவர், ஆட்டத்தைப் பார்த்து இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று மாத்திரை தேடினார். பிறகு எல்லா வாய்களும் ஒரே இடத்துக்குத் திரும்பின. எங்கள் கோல் காப்பாளர் கீர்த்தனன். முதல் கோல் அவன் கையில் பட்டு வழுக்கி உள்ளே போனது. உடனே தீர்ப்பு. பஸ்ஸில் தீர்ப்பு, தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் தீர்ப்பு, வைபர் குழுவில் தீர்ப்பு. வெறுங்கையோடு ஸ்டைல் காட்டினானாம். கை இருந்தும் இல்லாதவனாம். இடைவேளையில் கிரெய்கிபர்ன் கோல் காப்பாளரிடம் ஒரு சோடிக் கையுறை வாங்கிப் போட்டானாம். அதனால் அவன் அவர்களுக்கு விலைபோய்விட்டானாம். எழுதியவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் வடையை வைத்துவிட்டு என்னைப் பாருங்கள்.

என்ன முரளிதரன் அண்ணா? சுருக்கமாகச் சொல்லவா? சொல்லுகிறேன். ஆனால் நீண்ட பேச்சால் வந்த வினையைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

அந்தக் கோல் எங்கே விழுந்தது தெரியுமா? மைதானத்தில் இல்லை. மைக்குக்கு முன்னால்.

நினைத்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் நேரம். வீரர்கள் உடம்பைச் சூடாக்கித் துள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். நாங்கள் என்ன செய்தோம்? விளக்கேற்றினோம். விளக்கு மழையில் அணைந்தது. திரும்ப ஏற்றினோம். அவர்களுடைய தலைவர் பேசினார். அவர்களுடைய தலைவர் பேசினால் எங்கள் தலைவர் பேசாமல் இருக்கலாமா? கௌரவம் என்ன ஆகும்? அவர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். நாங்கள் சும்மா நிற்கலாமா? எங்களுக்கும் ஒரு பொன்னாடை, எங்களுக்கும் ஒரு படம், எங்களுக்கும் ஒரு உரை. வீரர்களின் சூடு இறங்கியது, எங்கள் சூடு ஏறியது. நடுவர், பாவம், ஒரு வெள்ளைக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து நின்றார். அடுத்த ஆட்டத்துக்கு வேறு அணிகள் வேலிக்கு வெளியே வந்து நின்றுவிட்டன.

அந்தப் பொன்னாடையை யாருக்குப் போர்த்தினோம்? கழகத்தின் மூத்த வீரன் என்று கீர்த்தனனுக்கு. பெரியவர் ஒருவர் பொன்னாடையோடு வரும்போது கையுறை போட்ட கையோடு நிற்கலாமா? நம் பிள்ளை நிற்பானா? கழற்றினான். கைகூப்ப வேண்டுமே, கையுறையை எங்கே வைப்பது? போர்த்தியவரின் கையிலேயே கொடுத்தான். குனிந்தான், கும்பிட்டான், படத்துக்கு நின்றான். அதற்குள் போர்த்தியவரை மைக்குக்கு அழைத்துவிட்டார்கள். அவர் பேசினார். பேசினார். இன்னும் பேசினார். நடுவர் பொறுமை இழந்து விசிலை ஊதினார். எல்லாரும் ஓடினார்கள். கீர்த்தனன் கோல் கம்பத்துக்கு வெறுங்கையோடு ஓடினான்.

அவனுடைய மற்றக் கையுறை பஸ்ஸில். பஸ்ஸை எடுத்துக்கொண்டு சாரதி டீசல் அடிக்கப் போய்விட்டார். பதில் காப்பாளர் பாலா தோள்மூட்டு விலகி இங்கே சிட்னியில் படுத்திருந்தான். கீர்த்தனன் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து விரித்துக் காட்டினான், கையுறை வேண்டும் என்று. நீங்கள் என்ன செய்தீர்கள்? திருப்பிக் கையை அசைத்தீர்கள். ஹம்சா அன்ரி முத்தமும் பறக்கவிட்டார். சிரிக்காதீர்கள். அடுத்த நிமிடம் பந்து வந்தது. நனைந்த பந்து, குளிரில் விறைத்த கை. அதுதான் அந்தக் கோல்.

இடைவேளையில் அவனுடைய விரல்களைப் பார்த்தவன் யார்? நாங்களா? கிரெய்கிபர்ன் கோல் காப்பாளன். தன் பையைத் திறந்து ஒரு சோடியைக் கொடுத்துவிட்டுப் போனான். எதிரணிக்காரன் கொடுத்தான், சொந்த அணிக்காரர் கெடுத்தோம். வெட்கமாக இல்லையா எங்களுக்கு?

இன்னும் கேளுங்கள். கடைசிக் கட்டத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அது உள்ளே போயிருந்தால் சமநிலையும் இல்லை, சட்டினியும் இல்லை. கீர்த்தனன் வலப்பக்கம் பாய்ந்து, நுனிவிரலால் தட்டிவிட்டான். எத்தனை பேர் பார்த்தீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். தூக்க மாட்டீர்கள். ஆட்டம் முடிந்தால் வரிசை நீண்டுவிடும் என்று முன்கூட்டியே கொத்துரொட்டிக் கடைக்குப் போய்விட்டீர்கள். உயிரைக் கொடுத்து ஒருவன் பாய்ந்த நேரத்தில் கைதட்டல் கேட்கவில்லை, கொத்துத் தகடு தட்டும் சத்தம்தான் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். மடித்து வைத்திருக்கும் மஞ்சள் ஜெர்சி யாருடையது? கீர்த்தனனுடையது. இன்று வந்ததும் வைத்துவிட்டு, இனி விளையாட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனும் அவன் மனைவி ராகவியும் அதோ, கதவுக்குப் பக்கத்தில், போவதா இருப்பதா என்று தெரியாமல் நிற்கிறார்கள். இந்த ஞாயிறு எங்கள் மைதானத்தில் அவர்களோடு மறு ஆட்டம். பாலாவின் கை கழுத்தில் தொங்குகிறது. கம்பத்துக்கு நடுவில் யார் நிற்பது? வைபரில் தீர்ப்பெழுதிய நீங்களா?

கையுறை எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. முந்தநாள் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தலைவருடைய மனைவி. கோட்டைச் சலவைக்குக் கொடுக்கப் பையைத் துழாவியிருக்கிறார். "பத்மா, இவரின்ரை கோட்டுக்குள்ளை ஆரின்ரையோ கிளவுஸ் கிடக்குது" என்றார்.

ஓம். சலசலக்க வேண்டாம். தலைவரை அவமானப்படுத்த இதை நான் சொல்லவில்லை. மேடைக்கு ஏறமுன் அவரே என் கையில் இந்தக் கையுறையைத் தந்து, "நீயே சொல்லு பிள்ளை, மறைக்காமல் சொல்லு. கை இல்லையோடா உனக்கு எண்டு அண்டைக்குக் கத்தினது நான்தான். அவன்ரை கிளவுஸ் என்ரை பொக்கற்றுக்குள்ளை" என்றார்.

அந்த அழைப்பு வந்த அன்றே நான் நேரே கீர்த்தனனிடம் போய்க் கேட்டேன். யாரிடம் கொடுத்தாய் என்று உனக்குத் தெரியாதா? பஸ் முழுக்க ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவன் சொன்னான்: "மைக் பிடிச்சு நிக்கிற பெரிய மனுசனிட்டைப் போய், சபைக்கு முன்னாலை, என்ரை கிளவுஸைத் தாங்கோ எண்டு எப்பிடி அக்கா கேக்கிறது? பிறகு சொன்னாலும் அவருக்குத்தானே வெக்கம்."

கேட்டீர்களா? அவன் அவருடைய மானத்தைக் காத்தான். எங்கள் கோலையும் காத்தான். அவனைக் காக்க இந்த மண்டபத்தில் ஒருவர் இருந்தோமா? இவனையா விலைபோனவன் என்றீர்கள்? இவனையா கையில்லாதவன் என்றீர்கள்? மரியாதை என்று சொல்லிச் சொல்லி, மரியாதை தெரிந்த ஒரே பிள்ளையைத்தானே வாசல்வரை துரத்தியிருக்கிறோம். சமநிலைக்குக் குறை சொல்ல வந்த கூட்டமே, அந்தச் சமநிலையை வாங்கித் தந்தவன் அவன்தான். தோற்றது நாங்கள்.

தம்பி கீர்த்தனன், இங்கே வா. ராகவி, நீங்களும் வாருங்கோ. வழி விடுங்கள், கதிரையை இழுங்கள்.

தலைவர் எழுந்துவிட்டார். இருங்கள் அங்கிள், மைக் வேண்டாம். இன்று உங்களுக்கு உரை இல்லை. இந்தாருங்கள் கையுறை. வாங்கின கையாலேயே கொடுத்துவிடுங்கள்.

ஹம்சா அன்ரி, என்ன அது கையில்? பொன்னாடையா? தயவுசெய்து உள்ளே வையுங்கோ. அதைப் போர்த்தப் போனால் இவன் திரும்பவும் கையுறையைக் கழற்றுவான்.

நன்றி சொல்லி முடிக்கிறேன். விரல் விறைத்தவனைக் கண்டு பையைத் திறந்த கிரெய்கிபர்ன் கோல் காப்பாளனுக்கு நன்றி. அவனுடைய சோடியைக் கழுவிக் காயவைத்து ஞாயிறன்று திருப்பிக் கொடுப்போம். எங்களைப் பொறுத்துக்கொண்ட நடுவருக்கு நன்றி. இவ்வளவு நேரம் ஏச்சு வாங்கிய உங்களுக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை விளக்கு இல்லை, உரை இல்லை, இந்த மைக்கை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைக்கிறேன். கொத்துரொட்டிக் கடை விசில் ஊதின பிறகுதான் திறக்கும்.

தலைவர் கையுறையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பார்த்துக்கொண்டு நிற்காமல் கையை உள்ளே விடு தம்பி. மற்றக் கையையும். சரி. இனி நீ ஒருவருக்கும் கைகூப்ப வேண்டாம், அப்படியே நில். எல்லாரும் எழும்புங்கள். இன்றைக்கு நாங்கள் உனக்குக் கைகூப்புகிறோம். வணக்கம்.