பேக்கரிக்காரர் வண்டியில கேட்ட மூச்சு

மத்தியானம் ரெண்டரை மணி. ஆமா, மத்தியானம்தான். சிரிக்காதீங்க. பேய்னா நைட் ஷிஃப்ட்லதான் வேலை பார்க்கணும்னு எவன் சட்டம் போட்டான்? அந்த ஜன்னலைச் சாத்திட்டு வந்து உக்காரு. லைட் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, எனக்கு ஒண்ணுதான்...

ஊருக்கு வெளிய போற பழைய ரோடு. பக்கத்துல பெரிய ரோடு போட்டதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் வர்றதில்ல. வெயில்ல தார் இளகிக் கிடக்கு. ஒரு காக்கா சத்தம்கூட இல்ல. அங்க ஒரு கார் ரிப்பேர் ஷெட், அதுக்குப் பின்னாலயே வீடு. அந்த மெக்கானிக், என் கூட ஆபீஸ்ல வேலை பார்க்கிறவனோட அக்கா வீட்டுக்காரர். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொய் சொல்ற ஆள் இல்ல. லீவு கேக்கும்போது மட்டும் சொல்லுவான்.

அந்த மெக்கானிக்குக்குப் பட்டப்பேரு 'காது'. வண்டி வாசல்ல திரும்பும்போதே, உள்ள உக்காந்தபடியே என்ன கோளாறுன்னு சொல்லிடுவார். கார்பரேட்டர் வச்ச பழைய வண்டின்னா அவரை விட்டா ஆள் கிடையாது.

அவருக்கு ஒரே பொண்ணு. ஏழு வயசு. வீசிங்... இளைப்பு. ராத்திரி பூரா நெஞ்சுல கீச்சு கீச்சுன்னு சத்தம். தைலம் தேய்ச்சு, தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடப்பார். போன வருஷம் ஒரு நாள், மூச்சு விட முடியலைன்னு சொல்றதுக்காக அந்தப் புள்ள ஷெட்டுக்கு வந்துருக்கு. அம்மா கடைக்குப் போயிருந்தாங்க. ஷெட்டுல ஒரு இன்ஜின் ஓடிக்கிட்டிருந்துச்சு. இவர் பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, திரும்பாமலே கையைக் காட்டி, "இரு பாப்பா"ன்னுட்டார். அஞ்சு நிமிஷம். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத் திரும்பினப்ப...

வேணாம். அதை நான் சொல்லலை. ஊர்ல இருக்கிற வண்டியோட கோளாறெல்லாம் கேக்குற மனுஷனுக்கு, பெத்த பொண்ணு பின்னால நின்னு திணறுனது கேக்கலை. அவ்வளவுதான்.

சரி. ரெண்டரை மணிக்கு ஒரு பேக்கரிக்காரர் தன் பழைய காரைக் கொண்டு வந்து விட்டார். "ஓடுறப்ப நல்லாத்தான் தம்பி ஓடுது. நின்னா உடம்பு நடுங்குது. சிக்னலுக்கு சிக்னல் ஆஃப் ஆயிடுது."

அவர் போனதும் இவர் பானெட்டைத் திறந்தார். ஐடிலிங்ல, அதான் ஆக்ஸிலேட்டர் மிதிக்காம சும்மா ஓடவிட்டா, இன்ஜின் குதிக்குது. பாதி எரிஞ்ச பெட்ரோல் வாடை. ப்ளக் ஒயரை ஒவ்வொண்ணா கழட்டிப் பார்த்தார். எதைக் கழட்டினாலும் இன்ஜின் சத்தம் தணியுது. அப்ப நாலு சிலிண்டரும் வேலை செய்யுது. காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினார். இப்படித் திருகினாலும் அப்படித் திருகினாலும் அதே நடுக்கம். சரி, எங்கயோ காத்து உறிஞ்சுதுன்னு புரிஞ்சுபோச்சு. அதைக் கண்டுபிடிக்க அவர் பெரிய மெஷின் எல்லாம் வச்சுக்கலை. கைநீள ஓஸ், ரப்பர் குழாய் ஒண்ணு. ஒரு முனை காதுல, இன்னொரு முனை கார்பரேட்டருக்குக் கீழ. ஓட்டை இருக்கிற இடத்துல 'ஸ்ஸ்ஸ்'னு விடாம கேக்கும்.

ஓஸை மெதுவா நகர்த்திக்கிட்டே வந்தார். ஒரு இடத்துல கை நின்னுடுச்சு.

'ஸ்ஸ்ஸ்' இல்ல. உள்ள போச்சு... ஒரு நொடி சும்மா இருந்துச்சு... வெளிய வந்துச்சு. கடைசியில சின்னதா ஒரு 'கீச்'.

இன்ஜின்ல ஓட்டைன்னா காத்து உள்ளதான் போகும். வெளிய வராது. வரவே வராது. இது வந்துச்சு. ஓஸுக்குள்ள பெட்ரோல் வாடை இல்ல, தைல வாடை.

அவருக்கு அது யாருன்னு தெரியாதா? ஏழு வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்ட சத்தம்.

நீ ஏன்டா போர்வையை இழுக்குற? அது எனக்கும் சேர்த்துத்தான்.

விரலால தடவித் தேடினார். விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ட்யூப், அதுல ஒரு விரிசல். அதுமேல விரலை வச்சார். இன்ஜின் உடனே சீராயிடுச்சு. அப்படியொரு அமைதி. ஆனா காதுல... தொண்டையை அடைச்ச மாதிரி ஒரு திணறல். அப்புறம் ஒண்ணுமே இல்ல. பதறிப்போய் விரலை எடுத்தார். இன்ஜின் குதிச்சுது. மூச்சு திரும்ப வந்துச்சு.

ட்யூபை மாத்தினா பத்து நிமிஷ வேலை. டிராயர்ல அரை டஜன் கிடக்கு. பேக்கரிக்காரர்கிட்ட, "பார்ட்ஸ் கிடைக்கலைண்ணே, நாளைக்கு வாங்க"ன்னார். மறுநாளும் அதேதான் சொன்னார். தன் காசுல பெட்ரோல் ஊத்தி, கார்பரேட்டர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு, காதுல ஓஸை வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. வீட்டுக்கே போகலை.

நாலாவது நாள் அவர் சம்சாரம், அந்த அக்கா, ஷெட்டுக்கு வந்தாங்க. இவர் ஓஸை அவங்க காதுல வச்சார். அவங்க முகம் வெளுத்துப் போச்சு. வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"கேக்குதா? நம்ம பாப்பாடி. போகலை அவ. இங்கதான் இருக்கா."

அக்கா ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே நின்னாங்க. கண்ணுல தண்ணி தாரை தாரையா.

"என்னங்க... புள்ளைக்கு இளைக்குதுங்க."

அவர் ஓஸைத் திரும்ப வாங்கித் தன் காதுல வச்சார்.

"நாலு நாளாவா இப்படி இளைக்குது?"

அப்பதான் அவருக்கு உறைச்சுது. தனக்குப் பொண்ணு வேணும்னு, திணறத் திணற அவளைப் பிடிச்சு வச்சிருக்கோம்னு. தலையில அடிச்சுக்கிட்டு அழுதார். "அடைச்சா நின்னுடும்டி. திரும்பவும் நானே..."

"தெரியுது. நானும் கூட இருக்கேன்ல" அப்படின்னு அக்கா சொன்னாங்க.

இன்ஜினை ஆஃப் பண்ணி, ரெண்டு பேருமாத்தான் புது ட்யூபை மாட்டுனாங்க. ஸ்டார்ட் பண்ணதும் இன்ஜின் ஆடாம அசையாம நின்னுச்சு. ஓஸை எடுத்துக் காதுல வச்சுப் பார்க்குற தைரியம் ரெண்டு பேருக்குமே வரலை. சாயங்காலம் பேக்கரிக்காரர் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

பத்து நாள் கழிச்சு அவர் திரும்பி வந்தார். அன்னைக்கு என் ஆபீஸ்காரனும் அங்க இருந்தான். இதுக்கப்புறம் சொல்றது அவன் கண்ணால பார்த்தது.

"வண்டி சூப்பர் தம்பி. ஆனா ஒண்ணு... சிக்னல்ல நிக்கும்போது பின் சீட்ல யாரோ மூச்சு விடுற சத்தம். திரும்பிப் பார்த்தா பன்னு ட்ரேதான் இருக்கு. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, என்னன்னு பாரேன்."

மெக்கானிக் பானெட்டைத் திறக்கலை. "இளைக்குதாண்ணே?"ன்னு மட்டும் கேட்டார்.

"இளைப்பா? இல்லப்பா. சின்னப் புள்ள அசந்து தூங்குமே, அந்த மாதிரி."

கொளுத்துற வெயில். பின்கதவுக் கண்ணாடியில, உள்பக்கமா, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிஞ்சிருந்துச்சு. மெதுவா மறைஞ்சுது... திரும்பப் படிஞ்சுது. மெக்கானிக் அதைப் பார்த்துக்கிட்டே நின்னார். கண்ணாடியைத் தொடுறதுக்குக் கை போச்சு. தொடலை, இழுத்துக்கிட்டார்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லண்ணே, எடுத்துட்டுப் போங்க. பிரேக்கை மட்டும் மெதுவா புடிங்க."