பாய் அறுக்காத கோழி

"இத அறுத்துடுங்க பாய். ஆனா எனக்குக் கறி வேணாம்" என்றாள் எனக்கு முன்னால் நின்ற பெண்.

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலை மார்க்கெட்டை ஒட்டிய கறிக்கடையில், ஞாயிற்றுக்கிழமை வரிசை. அவள் கையில் ஒரு நாட்டுக்கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது.

"கறி வேணாம்னா எதுக்கும்மா அறுக்கணும்?" என்றார் கடைக்கார பாய்.

"ரெண்டு நாளா எர எடுக்கல. செத்துட்டா வீணாப்பூடும், உசுரு இருக்கறப்பவே அறுத்துனு வான்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. அவரு தின்னட்டும். நாலு வருசமா எங் கையில தின்ன கோழி, என்னால ஆவாது. அது படற அவஸ்தையும் பாக்க முடியல."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். கோழியை வாங்கி, கழுத்தடியை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எரப்பை கல்லாட்டம் கெடக்கு. வைக்கோல் தின்னுச்சா?"

"பக்கத்து வூட்டுப் போர்லதான் எந்நேரமும் மேயும்."

"அதான் அடச்சிக்கிச்சு. ரெண்டு சொட்டு நல்லெண்ண ஊத்தி மெதுவா நீவி விடு. பொழச்சிக்கும். இத நான் அறுக்க மாட்டேன்."

"வந்த கிராக்கிய வெரட்டுறீங்களே பாய்" என்று என் பின்னால் ஒருவர் சிரித்தார்.

அவள் கோழியை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

"வீட்டுக்காரருகிட்ட இன்னா சொல்லுவ?" என்று கேட்டார் பாய்.

"பாய் மாட்டேன்னுட்டாருன்னு சொல்லிடுறேன். வேணும்னா அவரே வந்து உங்களக் கேக்கட்டும்."

"கேக்கட்டும்மா" என்றார் பாய். "எங் கைக்கும் இன்னிக்கு ஒண்ணு கொறஞ்சிது."