சைபரை விடாதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, இந்த இரங்கல் கூட்டத்தின் முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, அக்காவின் மகளே, சக ஆசிரியர்களே, இடம் கிடைக்காமல் பின்சுவரோடு நிற்கும் பத்தாம் வகுப்பு சி பிரிவுப் பிள்ளைகளே!

இன்று காலை கண் விழித்ததும் முதலில் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தேன். அது ஒலிக்கவே இல்லை. பழக்கம். தினமும் அந்நேரத்துக்கு, என்னைவிட மூத்த கணக்கு டீச்சரான அக்காவின் குரல் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"பெருக்கினா மைனஸ் பன்னிரண்டு, கூட்டினா ஒண்ணு. சொல்லு!"

"நாலு, மைனஸ் மூணு. விடுங்கக்கா, பால் பொங்குது."

"பொங்கட்டும். நீ முழிச்சிட்டியான்னு பார்த்தேன்."

இன்று பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக் கை போகவில்லை.

இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்துவதில் அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான் என்பார். "பாதிக் கிணறு தாண்டினவன் கதி தெரியுமில்ல?" என்பார். மீதிப் பாதியில் யார் விழுந்தார்கள் என்று சொல்கிறேன்.

ஓர் ஆண்டுத் தேர்வில் x² = 5x என்று ஒரு கணக்கு. இரண்டு பக்கமும் x-ஐ அடித்துவிட்டு, x = 5 என்று விடைக்குறிப்பு வந்தது. அக்கா எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தார். x(x − 5) = 0. இரண்டைப் பெருக்கிப் பூஜ்யம் வந்தால், இரண்டில் ஒன்றாவது பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே x = 0, அல்லது x = 5. ஆனால் சைபரையும் எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கச் சொன்னார்கள்! குறிப்பைத் தயாரித்தவர் நம் தலைமையாசிரியர்தான். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவைப் பற்றிப் பேசும் இடத்தில் பாதி விடை சொல்ல எனக்கு வாய் வராது.

"குறிப்புல இருக்கிறபடி போடுங்க டீச்சர். சைபர்ல என்ன இருக்கு?"

"நீங்க அடிச்சதே அந்த சைபரைத்தான் சார். சைபரால வகுக்கலாம்னு யார் சொன்னது?"

"பிடிவாதம் பிடிச்சா, மார்க் வராத பிள்ளைங்க இருக்கிற சி பிரிவுக்குத்தான் போவீங்க."

"போறேன் சார். ரெண்டு மாடி ஏறணும், அவ்வளவுதானே?"

ஏறினார்! தண்டனை என்று கொடுத்ததைப் பட்டம் போல வாங்கிக்கொண்டார். ஆசிரியர் அறையில் 'சைபர் டீச்சர்' என்று சிரித்தோம். அப்படிச் சிரித்த பலர் இன்று கைக்குட்டையோடு வந்திருக்கிறோம்!

அக்கா போன மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். அடுத்த ஆண்டு முதல் சி பிரிவுக்குக் காரணிப்படுத்தல் கிடையாதாம். தேர்ச்சிக்குத் தேவையானது மட்டும் போதுமாம். யாருக்குப் போதும்? அவர் இருந்தவரை ஒட்டத் துணியாத தாள் அல்லவா அது?

பின்சுவர்ப் பிள்ளைகளே, பெருக்கினால் முப்பது, கூட்டினால் பதினொன்று. என்ன? சத்தமாக!

ஐந்தும் ஆறும். கேட்டதா ஐயா? இவர்களுக்கு வராது என்றுதானே எழுதி ஒட்டினீர்கள்?

அடுத்த ஆண்டு எனக்கு ஏ பிரிவு ஒதுக்கியிருக்கிறீர்கள். நானே நடையாய் நடந்து கேட்டதுதான். நன்றி, வேண்டாம். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. இந்த ஒலிபெருக்கிக்குத்தான் முதலில் சொல்கிறேன். எனக்கு சி பிரிவு வேண்டும், காரணிப்படுத்தலோடு வேண்டும். முதல் நாள், முதல் கணக்கு, x² = 5x. சைபரை விட்டவர் யாராக இருந்தாலும், இந்த மேடையிலிருந்தே இறங்கி வந்தாலும், உட்கார்ந்து மறுபடி போட வேண்டும்.